பத்தும் காலி

பத்துக் குப்பிகளையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டார் சக்கரவர்த்தி. தலைகீழாகத் திருப்பினார். காதருகே வைத்துக் குலுக்கினார். நகத்தால் தட்டினார். பத்தும் காலி.

பெட்டி என்னவோ பெரியதுதான். ஒரு ஆள் மேலே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். திறந்ததும் உள்ளேயிருந்து வெள்ளையாகக் குளிர்புகை கிளம்பியது. புகைக்கு நடுவே ஒரு அட்டை டப்பா, அதற்குள் கறுப்புத் தாள், அதற்குள் விரல்நுனி அளவில் பத்துக் கண்ணாடிக் குப்பிகள். பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, கடைசியில் வெறும் இலையைப் போட்டு உட்காரவைத்த மாதிரி இருந்தது அவருக்கு.

சக்கரவர்த்தி அந்தக் கல்லூரியில் ஸ்டோர் கீப்பர். கல்லூரி திருவண்ணாமலையில், அடி அண்ணாமலையைத் தாண்டிக் காஞ்சி ரோட்டில் இருந்தது. ஸ்டோருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் பத்தொன்பது வருடம் அதே கல்லூரியின் நூலகத்தில் இருந்தார். நூலகத்தில் தொல்லை கிடையாது. புத்தகம் அலமாரியில் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. இருந்தும் கண்ணுக்குத் தெரியாத புத்தகம் என்று ஒன்றை அவர் பார்த்ததில்லை.

இந்தப் பெட்டிக்காக உயிர்வேதியியல் துறைத் தலைவர் அன்புச்செல்வி மேடம் எட்டு மாதமாகக் காத்திருந்தார். பெயரில்தான் அன்பு. ஒரு பீக்கரை இடம் மாற்றி வைத்ததற்காக ஒரு மாணவனை அரை மணி நேரம் நிற்க வைத்தவர். இப்போது ஏதோ பயிற்சிக்காக பெங்களூர் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவார். பெட்டியை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டிய ஆராய்ச்சி மாணவி அறிவுமதி, கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பண்ணைக்குப் பத்து நாள் அடைவைத்த முட்டை வாங்கப் போயிருந்தாள். சனிக்கிழமை வரும் என்று சொன்ன பெட்டி வெள்ளிக்கிழமை மதியமே வந்துவிட்டது. லேபில் பாத்திரம் கழுவும் பச்சையம்மாளும் மறுநாள் பௌர்ணமி கிரிவலத்தில் போடும் கடைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அரை நாள் லீவில் போயிருந்தாள்.

ஆக, முடிவெடுக்க வேண்டியவர் சக்கரவர்த்தி ஒருவரே. அவர் இரண்டு முடிவுகள் எடுத்தார்.

ஒன்று, ஏமாற்றிய கம்பெனிக்குச் சூடாக ஒரு கடிதம் எழுதுவது. இரண்டு, அனுப்பியது காலிக் குப்பிதான் என்றாலும் நல்ல கண்ணாடி, இறுக்கமான மூடி, அதையாவது உபயோகப்படும்படி செய்வது.

கடிதத்துக்கு முன் குப்பிகளைக் கவனித்தார். லேபில் குழாய்க்கு மேலே மேடம் தம் கையால் எழுதி ஒட்டிய தாள் இருந்தது. 'எந்தக் கண்ணாடியையும் மூன்று முறை அலசவும். கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு முறை.' சக்கரவர்த்தி சட்டத்தை மீறாதவர். மூன்று முறை அலசினார். வடிநீரில் ஒரு முறை அலசினார். மனசு கேட்காமல் இன்னொரு முறையும் அலசினார். பிறகு வெயில் நன்றாக விழும் ஜன்னல் கட்டையில் பத்தையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்.

கடிதத்தில் 'தங்கள் கம்பெனியின் பொறுப்பற்ற செயல்' என்ற வரியை எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கம்பெனியின் சென்னை அலுவலகத்திலிருந்து கோபி என்ற இளைஞன் பேசினான்.

"சார், பெட்டி வந்துச்சுங்களா?"

"பெட்டி வந்துச்சு தம்பி. சரக்குதான் வரல. பத்தும் காலி."

"காலி இல்லைங்க சார். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஒரு குப்பிக்கு ஐம்பது மைக்ரோகிராம்தான்."

"அப்படின்னா எவ்ளோ?"

கோபி கொஞ்சம் யோசித்தான். "நம்ம சமையல் தூள் உப்பு இருக்குல்ல சார். அதுல ஒரே ஒரு மணி எடுத்துக்குங்க. அவ்ளோதான். அதையும் அடியில பூசின மாதிரி காய வெச்சிருப்பாங்க. கண்ணுக்குத் தெரியாது."

சக்கரவர்த்தி பேனாவின் மூடியைப் போட்டார்.

"ஃப்ரீசர்ல வெச்சிட்டீங்கல்ல சார்? வெளிச்சம் படக் கூடாது. ஈரம் படவே கூடாது."

ஜன்னல் கட்டையில் பத்துக் குப்பிகளும் மார்ச் மாத வெயிலில் சுத்தமாக மின்னின.

"தம்பி, ஒரு சந்தேகம். ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். யாராவது அதைக் கழுவிட்டாங்கன்னு வெச்சுக்குங்க."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "அதை யாரு சார் கழுவப் போறாங்க?"

சக்கரவர்த்தியும் மரியாதைக்குச் சிரித்தார்.

போனை வைத்துவிட்டு முதல் வேலையாகப் பத்துக் குப்பிகளையும் துடைத்து, கறுப்புத் தாளில் சுற்றி, டப்பாவில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்தார். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே இருந்தது. கழுவுவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இப்போதும் இருந்தது. அதுதான் அவரை வாட்டியது. களவு போனதற்கு ஒரு அடையாளமாவது வேண்டாமா?

மாலையில் அறிவுமதி இரண்டு தட்டு முட்டையோடு வந்தாள். ஃப்ரீசரைத் திறந்து டப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீங்களே வாங்கி உள்ள வெச்சிட்டீங்களா சார்? ரொம்பத் தேங்க்ஸ். நான் பயந்துட்டே வந்தேன்."

"அதுல அப்படி இன்னாம்மா இருக்குது?"

அவள் முட்டைகளை இறக்கி வைத்தபடியே சொன்னாள். "அது ஒரு சாயம் சார். முட்டைக்குள்ள பத்து நாள் வளர்ந்த குஞ்சுக்கு இதயம் இருக்கும். அதுல கொஞ்சம் எடுத்துத் தட்டுல வளர்த்தா ஒவ்வொரு செல்லும் தனியா துடிக்கும். துடிக்கறப்போ உள்ள கால்சியம் ஏறி ஏறி இறங்கும். அந்தச் சாயம் செல்லுக்குள்ள போயி கால்சியத்தைப் பிடிச்சுக்கும். பிடிச்சா பச்சையா ஒளிரும். கால்சியம் ஜாஸ்தியானா வெளிச்சம் ஜாஸ்தி. கம்மியானா கம்மி. செல்லைக் கொல்லாமலே உள்ள நடக்கறதைப் பார்க்கலாம்."

"திங்கட்கிழமை அதைத்தான் காட்டப் போறீங்களா?"

"ஆமா சார். சென்னையிலேருந்து பேராசிரியர் அப்பாதுரை வர்றாரு. அவருக்குப் பிடிச்சா நம்ம காலேஜ்லயே டாக்டர் பட்டத்துக்குப் பதிவு பண்ணலாம். இல்லன்னா..." அவள் முட்டைத் தட்டைச் சரிசெய்தாள். "வீட்ல இந்த மார்ச் வரைக்கும்தான் டைம் கொடுத்திருக்காங்க. அப்புறம் ஏதாவது ஸ்கூல்ல சேர்ந்துடுன்னு சொல்றாங்க."

சக்கரவர்த்தி அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு போட்டுக்கொள்ளவில்லை. உப்பு ஜாடியைப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வேலூருக்குப் போனார். அங்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாயிரம் என்ற அவருடைய பள்ளித் தோழர் ஸ்டோர் கீப்பராக இருந்தார். கண்ணாயிரத்திடம் மட்டும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

கண்ணாயிரம் முழுதும் கேட்டுவிட்டு, "எத்தனை தடவை கழுவின?" என்றார்.

"அஞ்சு."

"நீ எதையும் அரைகுறையா செய்ய மாட்டியேடா."

ஆனாலும் நல்ல மனிதர். உள்ளே போய்த் தம்முடைய விஞ்ஞானியிடம் கெஞ்சி, ஒரே ஒரு குப்பி வாங்கி வந்தார். அதே சாயம், அதே கம்பெனி. வெள்ளித் தாளில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு நூலால் கட்டினார். ஒரு பெரிய பிளாஸ்க்கில் பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து ஐஸை உடைத்துக் கொட்டி, நடுவே அதைப் புதைத்தார். மேலே இரண்டு கை உப்பைத் தூவினார்.

"உப்பு எதுக்குடா?"

"உப்பு போட்டா ஐஸ் இன்னும் ஜில்லுனு ஆவும். ஊரு போற வரைக்கும் தாங்கும். எங்கேயும் நிக்காம போ."

எங்கும் நிற்காமல்தான் பஸ் வந்தது. ஆனால் அன்று பௌர்ணமி. போளூர் ரோட்டில் ஊருக்கு வெளியிலேயே தற்காலிக பஸ் நிலையம் போட்டு எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ஆட்டோவும் இல்லை. கிரிவலப் பாதை முழுக்க ஜனம்.

அங்கிருந்து மலையை வலப்பக்கம் விட்டு நடந்தால் ஊர் வழியாக, செங்கம் ரோடு வழியாகச் சுற்றிக் கல்லூரிக்குப் பத்து கிலோமீட்டர். மலையை இடப்பக்கம் விட்டு நடந்தால் நாலு கிலோமீட்டர். சக்கரவர்த்தி கணக்கில் புலி இல்லை என்றாலும் இது தெரியும். நாலைத் தேர்ந்தெடுத்தார்.

இருபது அடி போவதற்குள் எதிரே வந்த ஒரு அம்மாள் நிறுத்தினார். "ஏங்க, எதிர்ல வர்றீங்களே. இப்படிச் சுத்தக் கூடாதுங்க."

"நான் சுத்தலைங்க. வேலையா போறேன்."

"எந்த வேலையா இருந்தாலும் மலையை எதிர்ல சுத்தலாமா?"

விலகி நடந்தார். அடுத்து ஒரு குடும்பம் வழிமறித்தது. அடுத்து ஒரு பஜனைக் கோஷ்டி முழுதுமாக நின்று அவரைத் திருத்தியது. நான்காவதாகத் தொண்டர் பட்டை கட்டிய ஒருவர் தோளைப் பிடித்து அன்போடு திருப்பியே விட்டார். "கூட்டம் முட்டிக்கும் சார். எல்லாரும் போற வழியில போயிடுங்க." கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டது. திருவண்ணாமலையிலேயே பிறந்து நாற்பத்தாறு வருடம் வாழ்ந்தும் ஒரு தடவைகூடக் கிரிவலம் வராத சக்கரவர்த்தி, மார்பில் பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு மலையை வலம் வரத் தொடங்கினார்.

செங்கம் ரோட்டில் கால் கெஞ்சியது. நிருதி லிங்கக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்தார். செருப்பின் வாரைச் சரிசெய்யக் குனிந்து நிமிர்ந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் பிளாஸ்க் மூடியில் தண்ணீர் ஊற்றிக் குடித்து முடித்திருந்தார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி, தாகம் தாங்கல." பெரியவர் உதட்டை நக்கினார். "இன்னாது, உப்புக் கரிக்குது?"

சக்கரவர்த்தி பதில் சொல்லும் முன் பெரியவரின் மனைவி சொன்னார். "வெயிலுக்கு உப்புத் தண்ணிதாங்க நல்லது. ஆஸ்பத்திரியிலயே கொடுக்கறாங்க. தர்மமா கொடுக்கறவரு யோசிச்சுதான் கொடுக்கறாரு."

"இல்லைங்க, இது..."

"எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க தம்பி. மயக்கமா வருது."

மயக்கம் வருகிறது என்கிறவரிடம் எப்படி மறுப்பது? ஊற்றினார். அதைப் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரைப் பார்த்து ஆறு பேர். ஆறு பேரும் நிற்பதைப் பார்த்து, ஏன் நிற்கிறார்கள் என்று கேட்காமலே பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் வரிசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். இன்னொருவர், "ஒரு ஆளுக்கு ஒரு மூடிதான், எல்லாருக்கும் வேணும்ல," என்று சட்டம் போட்டார். கரைந்த ஐஸ் முழுதும் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. கடைசியில் ஒரு பெண் எட்டிப் பார்த்து, "உள்ள ஏதோ பொட்டலம் இருக்குதே, பிரசாதங்களா?" என்று கையை நீட்டினாள்.

சக்கரவர்த்தி பிளாஸ்க்கை மூடிக்கொண்டு எழுந்து ஓடினார். ஓட முடிந்த அளவுக்கு, அதாவது கூட்டத்தின் வேகத்தில்.

உள்ளே இப்போது நாலைந்து ஐஸ் துண்டுகள்தான் மிச்சம். பத்தடிக்கு ஒரு முறை பிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தார். கடகடவென்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு வாலிபன் அக்கறையாகக் கேட்டான். "அதுல இன்னா சார் வெச்சிருக்கீங்க, பத்து நிமிஷமா ஆட்டிட்டே வர்றீங்க?"

சக்கரவர்த்திக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. "உயிரோட இருக்கற செல்லுக்குள்ள கால்சியம் எவ்ளோன்னு பார்க்கற சாமான்."

வாலிபன் தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். "என் செல்லு காலையிலயே செத்துடுச்சு சார்," என்றான் வருத்தத்தோடு.

அடி அண்ணாமலை வந்தபோது மணி ஆறு. சாலையோரத்தில் ஒரு பந்தலுக்குக் கீழே பச்சையம்மாள் மோரும் எலுமிச்சைச் சாறும் விற்றுக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் சக்கரவர்த்திக்குக் கண் கலங்கியது.

"இன்னா சார், கிரிவலமா? நீங்க வர மாட்டீங்களே."

"பச்சையம்மா, கொஞ்சம் ஐஸ் வேணும். நெறைய வேணும்."

அவள் பிளாஸ்க்கை வாங்கித் திறந்தாள். அடியில் கிடந்த வெள்ளித் தாள் பொட்டலத்தைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

"டிபார்ட்மெண்ட் சாமானா சார்?"

"ஆமா."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. பெட்டியில் இருந்ததில் பெரிய ஐஸ்கட்டியாக எடுத்து உடைத்துப் பிளாஸ்க்கை நிரப்பினாள். ஒரு டம்ளர் மோரையும் நீட்டினாள். "குடிச்சிட்டுப் போங்க. முகமெல்லாம் எப்படி இருக்குது பாருங்க."

கல்லூரி வாசலில் காவலாளி சடையன் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நாலு மணிக்குப் போன கரண்டு சார். இன்னும் வரல."

"ஃப்ரீசர்?"

"அதுவும் கரண்டுலதானே சார் ஓடுது."

உள்ளே இருந்த பத்துக் குப்பிகளுக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை என்பது சக்கரவர்த்திக்கு மட்டும்தான் தெரியும். மின்சாரம் வரும் வரை பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு சடையன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஏழரைக்கு விளக்கு எரிந்தது. ஃப்ரீசர் உறுமி ஓடத் தொடங்கி, கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர்ந்த பிறகு டப்பாவைத் திறந்தார்.

அப்போதுதான் புதுச் சிக்கல் தெரிந்தது. டப்பாவில் பத்துக் குழிகள். குப்பிகள் பதினொன்று. கழுவியதில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முதல் வரிசையில் முதல் குழியில் வேலூர்க் குப்பியை வைத்தார். பார்ப்பதற்குப் பத்தும் ஒன்றுபோல இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று அதன் மூடியில் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைத்தார்.

திங்கட்கிழமை மதியம் லேபில் எல்லோரும் கூடினார்கள். பேராசிரியர் அப்பாதுரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அறிவுமதி தட்டுகளை எடுத்து வைத்தாள். இரண்டு நாளாக அவள் வளர்த்த இதயச் செல்கள் அதில் இருந்தன. ஸ்டோர் கீப்பருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் சக்கரவர்த்தி ஒரு துடைக்கும் துணியோடு ஃப்ரீசர் பக்கத்தில் நின்றார்.

அன்புச்செல்வி மேடம் டப்பாவைத் திறந்தார். கை நேராகக் கடைசி வரிசைக்குப் போனது.

"மேடம்."

"இன்னா சக்கரவர்த்தி?"

"முதல் வரிசையில, முதல்ல இருக்கறதை எடுங்க மேடம். ஸ்டோர் ரூல். முதல்ல வந்தது முதல்ல போகணும்."

"பத்தும் ஒரே பெட்டியில வந்ததுதானே?"

"ஒரே பெட்டியில வந்தாலும் வரிசைன்னு ஒண்ணு இருக்குது மேடம்."

மேடம் அவரை ஒரு கணம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பேராசிரியர் முன்னால் வாதம் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, முதல் குப்பியை எடுத்தார்.

விளக்குகளை அணைத்தார்கள். சாயத்தைக் கரைத்து, செல்களில் விட்டு, அரை மணி நேரம் ஊற வைத்து, அலசி, தட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள் அறிவுமதி. கண்ணை வைத்துப் பார்த்தவள் நகர்ந்து மேடத்துக்கு இடம் விட்டாள். மேடம் பார்த்துவிட்டுப் பேராசிரியருக்கு இடம் விட்டார். பேராசிரியர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

"யாரு வளர்த்தது இதை?" என்றார் கடைசியில்.

"நான்தாங்க சார்."

"நல்லா வளர்த்திருக்கம்மா."

எல்லோரும் பார்த்த பிறகு அறிவுமதி கூப்பிட்டாள். "நீங்களும் பாருங்க சார்."

சக்கரவர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். முதலில் வெறும் இருட்டு. பிறகு இருட்டில் பச்சையாக ஒரு பொட்டு வெளிச்சம் கூடியது, குறைந்தது. மறுபடியும் கூடியது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அந்தப் பக்கம் நாலைந்து சேர்ந்து ஒரே தாளத்தில். முட்டையை விட்டு, குஞ்சை விட்டு, உடம்பை விட்டு வந்த பிறகும் தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு உப்பு மணி அளவு சாயம்தான். அதற்கு இந்த வேலை தெரிந்திருக்கிறது. அதைத்தான், ஒன்றல்ல, பத்துக் குப்பியையும் குழாயடியில் விட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

பேராசிரியர் மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பதிவுக்கு நான் எழுதிடறேன். அடுத்த மாசம் கமிட்டியில நாலு பேரோட வர்றேன். இதையே அவங்களுக்கும் காட்டிடுங்க. சாயம் இன்னும் இருக்குல்ல?"

"ஒன்பது குப்பி இருக்குங்க சார்," என்றார் மேடம்.

சக்கரவர்த்தி கண்ணை எடுக்காமலே மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார்.

பேராசிரியரின் கார் போனதும் அவர் மேடத்தின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்த குப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது மாதிரி ஒன்பது உள்ள இருக்குது மேடம். எல்லாத்தையும் நான் கழுவிட்டேன். காலின்னு நெனச்சேன். இன்னிக்குப் போட்டது வேலூர்ல வாங்கிட்டு வந்தது."

வெள்ளிக்கிழமை கடிதத்திலிருந்து சனிக்கிழமை உப்புத் தண்ணீர் வரை எதையும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்து, வரப்போவதை வாங்கிக்கொள்ளத் தலையைக் குனிந்து நின்றார்.

ஒன்றும் வரவில்லை.

மேடம் குப்பியைக் கையில் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்தார். வெளியே மலையின் உச்சியில் மாலை வெயில் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவை அலசுனீங்க?"

"அஞ்சு மேடம். நீங்க எழுதி ஒட்டியிருக்கற மாதிரி நாலு. மேல ஒண்ணு."

"ம்." மேடம் இருமினார். "போகட்டும் விடுங்க. பார்த்தா காலி மாதிரிதான் தெரியும். யாருக்கும் நடக்கறதுதான்."

சக்கரவர்த்தி தலையை நிமிர்த்தினார். காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகமாக இருந்தது.

"பெங்களூர்ல எனக்குப் பயிற்சி கொடுத்தாங்களே, அவங்ககிட்ட ரெண்டு குப்பி கேட்டா தருவாங்க. கமிட்டிக்கு அது போதும். புதுசுக்கு மறுபடியும் எழுதுவோம். அறிவுமதி வேலை நிக்காது."

"மேடம், நான் எழுத்துல விளக்கம்..."

"எழுத்தெல்லாம் வேணாம்." மேடம் சட்டென்று சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இந்த விஷயம் நம்மளோட இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லாதீங்க. நீங்க போயி டீ சாப்பிடுங்க. ரெண்டு நாளா அலைஞ்சிருக்கீங்க."

சக்கரவர்த்தி கைகூப்பிவிட்டு வெளியே வந்தார். இருபது வருடமாக இந்த மனுஷியைப் பார்த்து ஒதுங்கி நடந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. ஒரு பீக்கருக்கு அரை மணி நேரம் நிற்க வைத்தவர், பத்துக் குப்பிக்கு ஒரு கடிந்த சொல்கூடச் சொல்லவில்லை. பெரிய தவறு என்று வரும்போதுதான் பெரிய மனசு தெரிகிறது. உலகத்தில் மனிதர்களை எவ்வளவு தப்பாகக் கணிக்கிறோம் என்று எண்ணியபடியே நடந்தவர், குழாயடியில் வந்து நின்றார்.

பச்சையம்மாள் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மேடம் சொன்னது நினைவிருந்தது. ஆனால் ஐஸ் கொடுத்தவளிடம் சொல்லாமல் இருப்பது நன்றிகெட்டதனம். தவிர, மேடத்தின் பெருமையை ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

குரலைத் தாழ்த்திச் சுருக்கமாகச் சொன்னார். கழுவியதைச் சொன்னார். வேலூரைச் சொன்னார். மேடத்தின் பொறுமையை மட்டும் விரிவாகச் சொன்னார்.

"தெய்வம் பச்சையம்மா. ஒரு வார்த்தை திட்டல. வேற யாராவது இருந்தா இந்நேரம் என் வேலையே போயிருக்கும். எப்படித்தான் அப்படி மன்னிக்க முடிஞ்சுதோ."

பச்சையம்மாள் குழாயை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.

"உங்களைத் திட்ட அவங்களுக்கு எப்படி சார் வாய் வரும்? போன வருஷம் இதே மாதிரி வந்த பெட்டியில பத்தும் காலின்னு சொல்லி, என்னைக் கழுவிக் காயவைக்கச் சொன்னதே அவங்கதானே."